துணி தெரிந்தால் நிறுத்து

வெற்றிச்செல்விக்கு உன் சித்தப்பன் எழுதுவது. நீ மயிலாடுதுறைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், நான் நம்மூர் அச்சாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, மை ஒட்டிய தாளில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் அடிக்கத்தான் வந்தேன். "நாலு வரி எழுதிக் கொடுங்கண்ணே, சுத்தி மயில் படம் போட்டு அடிச்சுத் தர்றேன்" என்றார் அச்சாபீஸ்காரர். நாலு வரியா? நான் நாலு வரியில் நிறுத்தி நீ என்றைக்காவது பார்த்திருக்கிறாயா? மயில் வேண்டாம், அந்த இடத்திலும் எழுத்தே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சிறு புத்தகமாக அடித்து, தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒன்று போட்டுக் கொடுக்கப் போகிறேன். மாப்பிள்ளை வீட்டார் பூதலூர் போய்ச் சேருவதற்குள் ரயிலிலேயே படித்து முடிக்கட்டும். ஏழாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன் நான். அந்த வகுப்பை என்னளவுக்கு ஆழமாகப் படித்த ஆள் இந்தத் தஞ்சை ஜில்லாவில் கிடையாது. ஆகையால் எழுத்துக்குக் கூச்சப்படுகிற சாதி இல்லை நாம்.

இதை எழுத வைத்தது உன் மாமனார்தான். பெண் பார்க்க வந்த அன்று, கூடத்தில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடலோரத்து ஊருன்னு சொன்னாங்க, குடிக்கிற தண்ணிய கையோட எடுத்துக்கிட்டே வந்துடலாமான்னு வீட்ல பேசிக்கிட்டோம். இது என்னங்க, இளநி மாதிரி இருக்கு?" என்றார். கேட்கலாமா அதை, என்னிடம்? "அது பெரிய சரித்திரம் சம்பந்தி" என்று ஆரம்பித்தேன். உனக்கு மனப்பாடம் ஆகிப்போன கதைதான். உப்புத் திடலில் நல்ல தண்ணீரை நான் கண்டுபிடித்தது, தாசில்தார் என் கையைப் பிடித்துக் குலுக்கியது, பண்ணைக் காரியஸ்தர் குடையை மறந்துவிட்டு ஓடியது. அன்றைக்கு ஒரு கலெக்டரையும் சேர்த்தேன், நல்ல இடத்துச் சம்பந்தம் என்பதால். உன் அம்மா, என் அண்ணி, காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். நான் அந்தக் கதை சொல்லும்போதெல்லாம் அவள் உள்ளே போய்விடுவாள், உனக்கே தெரியும். அன்றைக்குப் போகவில்லை. கடைசிவரை நின்று கேட்டாள். கேட்டுவிட்டு, சின்னதாக ஒரு சிரிப்பு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு ரெண்டு நாள் செரிக்கவில்லை. நீ வேறு வீட்டுக்குப் போகிறாய். உன் பேரில் உள்ள ஒரு ஏக்கர் எப்படி உன் பேரில் நின்றது என்பதை, நான் கட்சி மேடையில் சொல்கிற மாதிரி அல்லாமல், நடந்த மாதிரியே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். தொண்ணூறு பங்கு உண்மை. மீதிப் பத்து இல்லாமல் எழுதினால் எனக்குக் கை ஓடாது, அதைப் பொறுத்துக்கொள்.

நம் ஊர் கடைமடை. மேட்டூர் அணையைத் திறந்தால் பூதலூர்க்காரன் இரண்டு தடவை உழுது முடித்த பிறகு, மிச்சம் மீதி இருந்தால் நமக்கு வரும். அந்தக் கடைமடையிலும் கடைசியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் கிடந்த மணல் மேடுதான் உப்புத் திடல். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பெரிய பண்ணை தன் நஞ்சையை எல்லாம் பேர் மாற்றி எழுதிக்கொண்டது. மாமன் பேரில், மச்சான் பேரில், பிறக்காத பேரன் பேரில். பண்ணை வீட்டு நாய் பேரில் மூன்று மா நிலம் இருந்ததாகவும், அறுவடை முடிந்ததும் அந்த நாயே களத்துக்கு வந்து நெல் அளந்து வாங்கியதாகவும் கேள்வி. நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன். உபரி என்று அரசாங்கத்துக்குக் காட்ட ஒரு நிலம் வேண்டுமே, அதற்கு இந்தத் திடலைத் தள்ளிவிட்டார்கள். ஒரு காலத்தில் பண்ணை அங்கே ஆழமாகப் போர் போட்டுப் பார்த்து, கடல் தண்ணீரே வந்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தது. அப்போது வைத்த பேர்தான் உப்புத் திடல். அது ஒன்பது கூலிக் குடும்பத்துக்கு, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பட்டாவாக வந்தது. அதில் ஒன்று உன் அப்பன் பேரில்.

உன் அப்பன், என் அண்ணன், அறுப்புக் கூலிக்காக நடந்த மறியலில் முதல் வரிசையில் நின்று உள்ளே போனவன். வெளியே வரும்போது நெஞ்சு நிறையச் சளியோடு வந்தான். பட்டாவைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டித் தன் பேரைப் படித்துவிட்டு, அந்த மாதமே போய்ச் சேர்ந்தான். நீ அப்போது அண்ணி வயிற்றில் ஆறு மாதம். அந்தப் பட்டாவில் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று வருஷத்துக்குள் நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பட்டா ரத்து. பண்ணைக் காரியஸ்தர் விரலை மடக்கி வருஷத்தை எண்ணிக்கொண்டிருந்தார். ரத்தானால் குத்தகைக்கு எடுத்துச் சவுக்கு வைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. முதல் வருஷம் துக்கத்தில் போயிற்று. இரண்டாம் வருஷம் விதைத்தது ஐப்பசி மழையில் போயிற்று. மூன்றாம் வருஷம் நான் தலைப்பாகை கட்டினேன். அண்ணன் விட்டுப்போனது அந்த ஒரு ஏக்கரும் நீயும்தான். நிலம் போனால் நீயும் உன் அம்மாவும் மறுபடி பண்ணை வாசலில் நிற்க வேண்டும். அது என் உசிர் இருக்கும்வரை நடக்காது என்று ஊர் நடுவில் நின்று சத்தியம் செய்தேன். மைக் இல்லாமலே எட்டு ஊருக்குக் கேட்டது.

தை பிறந்ததும் ஒன்பது குடும்பமும் சேர்ந்து திடலின் தாழ்ந்த பக்கத்தில் உறைக்கிணறு இறக்கினோம். மூன்றடியிலேயே தண்ணீர், எட்டடிவரை இறக்கினோம். பயந்துகொண்டே நாக்கில் வைத்தால், நல்ல தண்ணீர்! நான் மணலில் விழுந்து புரண்டேன். மற்றவர்களும் புரண்டார்கள் என்றுதான் மேடையில் சொல்வேன், ஆனால் புரண்டது நான் மட்டும்தான். மிளகாய் நட்டோம். பெண்கள் குடத்தால் மொண்டு மொண்டு ஊற்ற, கன்று கிளம்பி நின்றது. அப்படியே விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் விடவில்லை.

இனி வருவதுதான் இத்தனை வருஷமாக நான் யாருக்கும் சொல்லாதது. மாசி மாதம் ஒரு நாள் காரியஸ்தர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். பண்ணை வாசலில் நம் ஆட்கள் களத்து ஓரமாக நின்று பேசித்தான் பழக்கம். உன் அப்பன் கூலி கேட்டதும் நின்றபடிதான். அன்றைக்கு அவர், "வாங்க தம்பி, உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அதுவரை "டேய்" என்றுதான் கூப்பிடுவார். பிரம்பு நாற்காலி. பின்னலில் ஒரு இடத்தில் பிய்ந்திருந்தது, தொடையில் குத்தியது. குத்தினால் என்ன, நான் உட்கார்ந்துவிட்டேன். "பொம்பளைங்க குடத்தால ஊத்திக்கிட்டிருக்காங்களாமே, பாவம். எங்க ஆயில் இன்ஜின் சும்மாத்தான் கிடக்கு, பத்துக் குதிரை சக்தி. கொண்டு போங்க. வாடகை கீடகையெல்லாம் பேசாதீங்க, நாமெல்லாம் ஒரே ஊரு" என்றார். பண்ணை இன்ஜின்! எந்த இன்ஜின் பக்கத்தில் போனாலே விரட்டுவார்களோ, அந்த இன்ஜின்! எதற்காகக் கொடுக்கிறார் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. மகளே, இதைக் குறித்துக்கொள். நேற்றுவரை நிற்க வைத்தவன் இன்றைக்கு நாற்காலி போட்டால், உட்காரு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்துகொண்டே கேள், எதுக்குங்க என்று.

இன்ஜினை வண்டியில் ஏற்றி, மாலை போட்டு, முன்னால் தப்பு முழங்க, கட்சிக் கொடி கட்டிக் கொண்டுவந்தேன். மாப்பிள்ளை அழைப்புக்கூட அப்படி நடக்காது, உன் கல்யாணத்தில் நடத்திக் காட்டப் போகிறேன், பார். இன்ஜினைக் கிளப்பினதும் வந்ததே தண்ணீர், பனைமரத் தடிமனுக்கு! சத்தம் பேராவூரணித் தென்னந்தோப்பு வரை கேட்டு, அங்கே குரும்பை உதிர்ந்ததாகச் சொன்னார்கள். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாய்கிற தண்ணீரில் நின்று ஒரு மணி நேரம் பேசினேன். ஊரே கைதட்டியது. உன் அம்மா மட்டும் வாய்க்காலில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் வந்தாள், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு. "தம்பி, இன்ஜினை நிறுத்து. தண்ணி கனக்குது" என்றாள்.

"தண்ணி எப்படி அண்ணி கனக்கும்?"

"நாக்குல கனக்குது. நேத்தைக்கு இப்படி இல்லை."

"நாலு நாளா புளிச்சோறு தின்னிருப்பீங்க, நாக்கு செத்திருக்கும்" என்று நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். நான் இன்ஜினை நிறுத்தவில்லை. இன்னும் ஐந்து நாள் ஓட்டினேன். ஒன்பதாம் நாள் காலையில் பார்த்தால் மிளகாய் இலையெல்லாம் ஓரம் கருகி, தீய்த்த அப்பளம் மாதிரி சுருண்டு கிடக்கிறது. பாத்தி மண்ணில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை பூத்திருக்கிறது. கிணற்றில் இறங்கி ஒரு வாய் குடித்தேன். கடல். மகளே, சுத்தமான கடல். துப்பினேன், மறுபடி குடித்தேன், மறுபடி துப்பினேன். ஒன்பது குடும்பத்து மிளகாயும் போயிற்று.

அன்றைக்கு மத்தியானமே காரியஸ்தர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். மிளகாயைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "உப்புத் திடல்னு நாங்க சும்மாவா பேரு வச்சோம்? சாகுபடிக்கு லாயக்கில்லாத நிலம்னு நான் ஏற்கெனவே மனு போட்டுட்டேன். ஜமாபந்திக்கு, வருஷ நிலக் கணக்குப் பார்க்க வர்றப்ப தாசில்தாரே நேர்ல பார்க்கப் போறாரு. இன்ஜினை எடுத்துக்கலாமா தம்பி?" என்றார். தெரிந்தே கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உன் அம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன். "அவரு கொடுத்தாரு, நீ வாங்கினே" என்றாள், அவ்வளவுதான். பக்கத்துப் பட்டாக்காரன் வேலு, என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், கருகின செடி ஒன்றைப் பிடுங்கி என் காலடியில் போட்டான். "மேடை ஏறிப் பேசு, இது தழையுதான்னு பார்க்கலாம்" என்றான். என் ஆயுளில் பேச்சு வராமல் நான் நின்றது அந்த ஒரு மத்தியானம்தான். ஜமாபந்திக்கு முழுசாக மூன்று மாதம்கூட இல்லை. அதற்குள் திடலில் பயிர் நிற்காவிட்டால் உன் அப்பன் எழுத்துக் கூட்டிப் படித்த பேர் வெறும் காகிதம்.

மூன்று நாள் கழித்து உன் அம்மா கூப்பிட்டாள். "கொட்டாங்கச்சி ஒண்ணும் குடமும் எடுத்துக்கிட்டு எம் பின்னால வா." திடலின் உச்சி மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பண்ணை வயலில் நடவு நடும் காலத்தில் தாகம் எடுத்தால் பெண்கள் அங்கே போய் மணலைக் கையால் பறித்துத் தண்ணீர் குடிப்பார்களாம். ஆண்களுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. மார்பளவு பறித்தோம். நான்தான் பறித்தேன், அவள் காட்டினாள். ஊறி நின்றது. கொட்டாங்கச்சியை மேலாகச் சாய்த்து, கலங்காமல் மொண்டு என்னிடம் நீட்டினாள். குடித்தேன். உன் மாமனார் சொன்னாரே இளநி, அதுதான். "இப்ப அடியில நல்லாத் தோண்டி, குடத்தை அமுக்கி அள்ளு" என்றாள். இன்னும் ஒரு ஆள் ஆழம் பறித்து, ஊறினதையெல்லாம் வேகவேகமாக அள்ளி இறைத்துவிட்டு, அடியில் சுரந்ததைக் குடித்தேன். உவர்ப்பு! ஒரே குழி, மகளே. மேலே ஒன்று, அடியில் ஒன்று.

"நீராகாரம் மொள்ளுறப்ப சட்டியைக் கலக்குவியா?" என்று கேட்டாள். "தெளிவு மேலதானே நிக்குது. மெதுவா சாய்ச்சு எடுத்தா தெளிவு வரும். கையை விட்டுத் துழாவினா சோறும் கலங்கும், தெளிவும் போகும். மழைத் தண்ணி மணல்ல இறங்கி உப்புத் தண்ணி மேல மிதந்துக்கிட்டு கிடக்கு. நீ பத்துக் குதிரையை விட்டு உழப்புனே."

"இதை அன்னிக்கே சொல்லக்கூடாதா அண்ணி?"

"சொன்னேன். நாக்கு செத்துப்போச்சுன்னே."

அதற்கப்புறம் நடந்ததில் என் பங்கு இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு குழியில் மெதுவாக எடுத்தால் ஒரு குடும்பத்துக்குக் குடிக்கக் காணும், ஒன்பது ஏக்கருக்குப் பயிர் வராது. ஆழமாகப் போகக்கூடாது என்றால் நீளமாகப் போகலாமே என்று எனக்குத் தோன்றியது. இது சத்தியமாக எனக்குத்தான் தோன்றியது, அண்ணியே சாட்சி. மேட்டு உச்சியில், தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு சாண் மட்டும் கீழே போகிற மாதிரி, ஒரு நீள அகழி. ஒரு பர்லாங் நீளம். சரி, நூற்றைம்பது அடி. வேலு வீட்டுக்குப் போய் வாசலில் நின்று, "தப்பு எம்மேலதான். மண்வெட்டியை எடுத்துக்கிட்டு வா, பிறகு திட்டு" என்றேன். வந்தான். திட்டிக்கொண்டே வெட்டினான். வெட்டிக்கொண்டே திட்டினான். ஒன்பது வீட்டு ஆம்பிளை பொம்பளை எல்லாரும் இறங்கினார்கள். மணல் சரிந்து சரிந்து விழ, பனைமட்டையை அணை கொடுத்து வெட்டினோம். பனந்தண்டைக் குடைந்து பாத்திக்குத் தண்ணீர் விடும் குழாய் செய்தேன். நூற்றைம்பது அடி நீளத்துக்கும் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஊறி நின்றது. எந்த இடத்தில் மொண்டாலும் தித்திப்பு.

ஆனால் எவ்வளவு மொள்ளுவது? அங்கேதான் உன் அம்மா ஒரு வேலை செய்தாள். திருத்துறைப்பூண்டிக் கூட்டத்தில் எனக்குப் போர்த்திய கரைத் துண்டு, நான் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தது, அதை எடுத்து வந்து என் கண் முன்னாலேயே கிழித்தாள். "அண்ணி, அது தலைவர் போர்த்தினது!" என்று கத்தினேன். "நல்லதாப் போச்சு, எல்லாரும் மதிப்பாங்க" என்றாள். ஒரு மூங்கில் கழியில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, அந்தத் துணியைக் கட்டி அகழியில் நட்டாள். "துணி தண்ணிக்குள்ள இருக்கிறவரைக்கும் மொள்ளலாம். துணி வெளியே தெரிஞ்சா நிறுத்தணும். எவ்வளவு அவசரமா இருந்தாலும், எவன் சொன்னாலும்" என்றாள். எவன் என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். காலையில் ஒரு நேரம் மொள்ளுவோம், துணி தெரியும், நிறுத்துவோம். சாயங்காலத்துக்குள் ஊறித் துணி மறையும், மறுபடி மொள்ளுவோம். மிளகாய்க்கு இனிக் காலம் இல்லை என்று வெள்ளரி போட்டோம். மணலுக்கும் கோடைக்கும் அதைப் போல் விசுவாசமான பயிர் கிடையாது. கொடி ஓடியது பார், திடல் முழுக்க! மணலே தெரியாமல் பச்சைப் பாய் விரித்த மாதிரி. நடுவில் நீ, ரெண்டு வயசு, ஒரு பிஞ்சைக் கடித்துக்கொண்டு.

ஜமாபந்தி சமயத்தில் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார், நல்ல உச்சி வெயிலில். காரியஸ்தர் நேராகக் கிணற்றுப் பக்கம், கருகின மிளகாய்க்குக் கூட்டிப் போனார். "பாருங்க சார், உப்பு பூத்துக் கிடக்கு" என்று கிணற்றுத் தண்ணீரை மொண்டு கொடுத்தார். தாசில்தார் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார். "சார், அந்தப் பக்கம் ஏறிப் பாருங்க" என்றேன். "அங்க வெறும் மணல்தான் சார், வெயில்ல எதுக்கு?" என்று காரியஸ்தர் குடையைப் பிடித்தார். அவர் பத்து வாரமாக அந்த மேட்டுப் பக்கமே வரவில்லை. நம் மேல் அவ்வளவு நம்பிக்கை. தாசில்தார் ஏறினார். ஏறி, உச்சியில் நின்றவர், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஒன்பது ஏக்கரில் ஆறு ஏக்கருக்கு மேல் கொடி. மேடையில் இதைச் சொல்லும்போது ஒன்பதும் என்றுதான் சொல்வேன். உன் அம்மா ஒரு வெள்ளரிக்காயை முந்தானையில் துடைத்து நீட்டினாள். கடித்தார். "கசக்கலையே" என்றார். அடுத்து அகழியில் கொட்டாங்கச்சியால் மொண்டு சொம்பில் கொடுத்தாள். நாக்கு நுனியில் பட்டும் படாமல் ஜாக்கிரதையாக வைத்தார். பிறகு அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தார். "இன்னொரு சொம்பு கொடுங்கம்மா" என்றார்.

அந்த இன்னொரு சொம்புதான், வெற்றிச்செல்வி, நம் பட்டா. காரியஸ்தர் குடையை மறந்துவிட்டுப் போனது நிஜம். நான் அதை வருஷக்கணக்காக வைத்திருந்தேன், வேலு மகன்தான் கம்பியை எடுத்துக் காற்றாடி செய்துவிட்டான். தாசில்தார் ஜீப் மேலேயே நோட்டை விரித்து, "பட்டாதாரர் இறந்துட்டாரா? வாரிசு யாரு?" என்றார். "இந்தக் குழந்தைதான் சார்." "பேரு?" அங்கேதான் மாட்டிக்கொண்டேன். உனக்குப் பேரே கிடையாது. தலைவர் நம் பக்கம் கூட்டத்துக்கு வரும்போது அவர் வாயால் வைக்க வேண்டும் என்று ரெண்டு வருஷமாக உன்னைப் பாப்பா என்றே வைத்திருந்தேன். அவரும் வரவில்லை, நானும் விடவில்லை. தாசில்தார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். "வெற்றிச்செல்வி சார்!" என்று கத்தினேன். எட்டு ஊருக்குக் கேட்டிருக்கும். அவர் எழுதினார். இந்த ஜில்லாவில் ஜீப்பின் மேல் பேர் சூட்டு விழா நடந்த பெண் நீ ஒருத்திதான், பூதலூரில் யாராவது கேட்டால் தலைநிமிர்ந்து சொல்.

பின்னால் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்று நம் ஆட்சியிலேயே வந்தது. நல்லதுதான். நான் கைதட்டின விஷயம்தான். ஆனால் காசு கொடுக்காத கரண்டை நிறுத்த எவனுக்கும் மனசு வருவதில்லை. சுற்றுவட்டாரத்தில் ஐந்து, ஏழரை என்று மோட்டாரைப் போட்டு, ஆழத்தில் குழாயை இறக்கி, போட்ட சுவிட்சை அணைக்காமல் சினிமாவுக்குப் போனார்கள். ஒவ்வொரு கிணறாக உப்புக்குப் போனது. நாம் அகழியில் ஓட்டைக் குழாய் பதித்து, சல்லி போட்டு மூடி, துணிக் கழி நிற்கிற இடத்தை மட்டும் திறந்து விட்டு, அரைக் குதிரை மோட்டார் வைத்தோம். பார்த்தவன் எல்லாம், "என்ன மாமா, தையல் மிஷின் மோட்டாரா?" என்று கேலி பேசினான். கேலி பேசினவன் எல்லாம் இன்றைக்கு நம்மிடம் குடத்தோடு வருகிறான். கோடையில் ஒரு நாள் நிலத்தடி நீர் ஆபீஸிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். நம் குழாயைப் பார்த்துவிட்டுத் தாளில் படம் போட்டுக் காட்டினார். நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம், அதனால்தான் மிதக்கிறதாம். மேலே நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், அடியில் உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்குமாம். டீக்கடையில் நான் அதை நூறடி என்றுதான் சொல்வேன். நீ கணக்கு டீச்சர் என்பதால் நாற்பது. "இந்த முறையை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அவரை அழைத்துப் போய்க் கல்லைக் காட்டினேன்.

அந்தக் கல்தான் கடைசி விஷயம். பட்டா நின்ற அடுத்த மாதமே நான் ஒரு கல்வெட்டு செய்து நட்டேனே, "இந்த நன்னீர் ஊற்றைக் கண்டவர்" என்று போட்டு, என் பேரை முழங்கை நீளத்துக்கு வெட்டி? மந்திரி திறந்துவைக்கிற பாலத்துக்குக்கூட அவ்வளவு பெரிய எழுத்து கிடையாது. உன் அம்மா அந்தக் கல்லைத் தாண்டித்தான் தினம் தண்ணீருக்குப் போய் வந்தாள். ஒரு நாள்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்த அன்று அவள் சிரித்த சிரிப்பில்தான் தெரிந்தது, எழுத்து தெரியாவிட்டாலும் கல்லில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். போன வாரம் கொத்தனைக் கூப்பிட்டுப் பழைய கல்லைப் பிடுங்கிப் புதுக் கல் நட்டுவிட்டேன். "இந்த நன்னீர் ஊற்றைக் கண்டவர் பாக்கியம் அம்மாள்." முழங்கை நீளமேதான், எழுத்தைக் குறைக்கவில்லை.

உன் கல்யாணச் சமையல் முழுக்க அந்தத் தண்ணீரில்தான். ஆயிரம் பேர் வருவார்கள், லாரித் தண்ணீர் சொல்லலாமா என்று மண்டபத்துக்காரன் கேட்டான். என்னிடமா? வாசலில் செயற்கை நீரூற்று வைத்து, விளக்குப் போட்டுக் காட்டலாம் என்றுகூட நினைத்தேன். "துணி தெரியும்" என்று உன் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதனால் ஆறு நாளாக அரைக் குதிரையில், துணி பார்த்துத் துணி பார்த்து, பீப்பாய் பீப்பாயாய்ப் பிடித்து மூடி வைத்துக்கொண்டிருக்கிறோம். சாம்பாரை வாயில் வைக்கும்போது உன் மாமனாருக்கே புரியும். பூதலூரில் வாசலிலேயே ஆறு ஓடும், குறைவே இருக்காது. ஆனாலும் போன வீட்டில் எதையும் மேலாக, மெதுவாக எடு. யாராவது "நாக்குல கனக்குது" என்று சொன்னால் சிரிக்காதே, சொன்னவர் மாமியாராக இருந்தாலும். அந்த ஒரு ஏக்கர் உன் பேரில்தான் இருக்கிறது, என்றைக்கும் இருக்கும். பட்டாவைச் சீர்த் தட்டில், வெள்ளரிக்காய் மேல் வைத்துக் கொடுக்கப் போகிறேன்.

கல்லை நட்ட அன்று உன் அம்மாவைக் கூட்டிப் போய்க் காட்டினேன். விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தாள். "என்ன போட்டிருக்கே?" என்றாள். படித்துக் காட்டினேன். பிறகு கீழே குனிந்து, "இது என்ன, அடியில பொடியா இன்னொரு வரி?" என்றாள்.

"அது எம் பேரு அண்ணி. முழுசா அழிக்க மனசு வரலை."

"இருக்கட்டும் தம்பி" என்றாள். "தோண்டினது நீதானே."

கேட்டாயா, வெற்றிச்செல்வி? அண்ணி வாயாலேயே வந்துவிட்டது. அச்சாபீஸ்காரரிடம் சொல்லி இந்தக் கடைசி வரியை மட்டும் கொட்டை எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்: தோண்டியது நான்தான்.